தீவில் குடித்தனம்

(போர்ட் பிளேரில் ஒரு தமிழ்ச் சங்க விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவை ஒட்டி முன்யோசனையோடு இடம் பிடித்திருக்கும் இளைஞர்களே!

விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடித்தமான எந்தப் பொருளைப் பற்றியும் பேசலாம் என்று சொன்னபோது, நான் காப்பியங்களைப் பற்றியோ பக்தி இலக்கியத்தைப் பற்றியோ, அதுவும் இல்லாவிட்டால் தமிழின் தொன்மையைப் பற்றியோ பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவதற்கு, சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, மாலை சூடிக்கொண்டு, ராதாநகர் கடற்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டு, மறுநாளே திரும்பிவிடும் வித்வான்கள் வருஷந்தோறும் நமக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கப்பல் வராத வாரத்தில் வெங்காயம் இல்லாமல் எப்படிச் சாம்பார் வைப்பது, மழை கொட்டித் தீர்க்கும் ஊரில் மாசி பங்குனியில் குடத்தை எங்கே வரிசையில் வைப்பது, இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன மைத்துனர் ஐந்தாவது நாள் வந்து சேரும்போது எந்த முகத்தோடு வரவேற்பது என்பன போன்ற விஷயங்களைப் பற்றிப் பேசுவதற்கு, இந்தத் தீவிலேயே குடித்தனம் நடத்தி நரைத்துப்போனவன் ஒருவன்தான் வேண்டும். அந்த ஒரு யோக்கியதையை மாத்திரமே கைமுதலாக வைத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் சூரிய பகவானிடமிருந்து தொடங்குவோம். நமது கஷ்டங்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பாரத தேசம் முழுவதற்குமான கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அனுசரித்து ஓடுகிறது என்பதும், நமது போர்ட் பிளேர் ஏறத்தாழ 92¾ பாகையில் கடலுக்குள் ஒதுங்கியிருக்கிறது என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2024 செப்டம்பரில் இவ்வூருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று அரசாங்கத்தார் பெயர் மாற்றியிருக்கிறார்கள். நாக்கு இன்னும் பழைய தடத்திலேயே போவதைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். பாகை ஒன்றுக்கு 4 நிமிஷம் என்ற கணக்குப்படி நம் சூரியன் நம் கடிகாரத்தைவிட 40 நிமிஷத்துக்குக் குறையாமல் முந்திக்கொள்கிறான். சென்னைச் சூரியனைவிடவோ 50 நிமிஷம் முந்தியவன். வைகாசி, ஆனி மாதங்களில் காலை 5 மணிக்கு முன்பே உதயமாகிவிடுகிறது. கார்த்திகையில் மாலை 5 மணிக்கே விளக்கைத் தேட வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏற்றும் 6 மணிக்கு அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். இங்கே அகல் வைத்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அதற்குள் கொசுவோடு ஒரு யுத்தத்தையே முடித்திருப்பார்கள்.

மெயின்லேண்டிலிருந்து முதன்முதலாக வரும் சம்பந்தியைக் கவனித்திருக்கிறீர்களா? விடியற்காலை ஐந்தரை மணிக்கு முகத்தில் சுள்ளென்று வெயில் அடித்ததும், ஒன்பது மணிக்கு மேல் தூங்கிவிட்டோமே, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று பதறியடித்துக்கொண்டு எழுந்து, பல்லைத் தேய்த்து, நீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மாலையில் இருட்டியதும் அவருக்குப் பசி எடுக்கிறது, கடிகாரமோ ஐந்தே முக்கால் என்கிறது, கேட்கவும் கூச்சம். எட்டு மணிக்கு நாம் இலை போடும்போது மனிதர் பாதித் தூக்கத்தில் இருக்கிறார். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். சரியாகிவிடும் சமயத்தில் அவருக்குத் திரும்பிப் போகும் நாள் வந்துவிடுகிறது.

இதைக்காட்டிலும் சிக்கலானது பஞ்சாங்க விவகாரம். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் நாட்காட்டிகளெல்லாம் தமிழ்நாட்டில் அச்சானவை. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று அவை சொல்வது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டு சொல்லும் கணக்கு. வைகாசி, ஆனியில் ஐந்து மணிக்குள் சூரியன் உதித்துவிடும் இந்த ஊரில் அதே இராகு காலம் ஆறரைக்கே தொடங்கி எட்டேகாலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஆகவே நம்மவரிடையே இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. அச்சில் இருப்பதே பிரமாணம் என்பது கடிகாரக் கட்சி. கிரகங்களுக்கு இந்திய அரசாங்கத்தின் நேரம் தெரியாது என்பது சூரியக் கட்சி. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மையார் மட்டும், தெய்வ விஷயத்தில் கட்சி கட்டுவது கூடாது என்று இரண்டையும் சேர்த்தே அனுஷ்டிக்கிறார். அதாவது ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல காரியம் எதுவும் கிடையாது. அவருடைய கணவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை. கடைத்தெருவுக்குப் போகச் சொல்லும் வேளை அதுதான் என்பதால், தம் ஆயுளில் இராகு பகவான் செய்த உபகாரத்தை வேறு எந்தக் கிரகமும் தமக்குச் செய்ததில்லை என்று நன்றியோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வைகாசியில் நாலரை முதல் ஆறு வரை முகூர்த்தம் என்று போட்டிருந்தால், ஊரில் அது கருக்கிருட்டு. நாதஸ்வரமும் விளக்கொளியுமாக மனசுக்கு ரம்மியமான வேளை. இங்கே மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது பளீரென்று வெயில். மணமக்கள் கண் கூசி நிற்பதை நாணம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். வீடியோக்காரருக்கும் விளக்குச் செலவு மிச்சம். கடிகாரத்தைக் காட்டினாலும் சரி, சூரியனைக் காட்டினாலும் சரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுவான கால் மணி நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சாமர்த்தியசாலிகளான குருக்கள் இங்கே இருக்கிறார்கள்; அவர்கள் நீடூழி வாழ வேண்டும்.

இனி, நமது கிரகங்களுக்கெல்லாம் பெரிய கிரகமாகிய கப்பலுக்கு வருகிறேன்.

நமக்குச் சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; விசாகப்பட்டினம் ஏறத்தாழ 1,200; கொல்கத்தா அதற்கும் கொஞ்சம் கூட. எந்த ஊரும் தன்னை நமக்கு அண்டை ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி, மூன்று துறைமுகங்களிலிருந்தும் பாரபட்சமில்லாத தூரத்தில் பகவான் நம்மை வைத்திருக்கிறார். கப்பலில் போனால், கடல் அனுமதித்தால், மூன்று நாள். அந்தக் கப்பல் எப்போது வரும், எப்போது புறப்படும், எந்த நாளில் டிக்கெட் கொடுப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே நாம் பத்திரிகை படிக்கக் கற்றுக்கொண்டோம் என்று சொன்னாலும் பிழையில்லை. அரசாங்கம் வெளியிடும் ‘டெய்லி டெலிகிராம்ஸ்’ பத்திரிகையைக் கையில் எடுத்ததும், உலகத்தில் எந்த ராஜ்யம் எந்த ராஜ்யத்தின்மேல் படையெடுத்தது என்று பார்ப்பவனை இந்த ஊரில் புதிதாக வந்தவன் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். பழைய தீவுவாசி முதலில் கப்பல் புரோகிராமைப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவான். அதற்குப் பிறகே யுத்தமும் சமாதானமும்.

கப்பலில் டீலக்ஸ் உண்டு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு, கீழே பங்க் உண்டு. வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகளும், தலைமாட்டில் ஒரு டிரங்குப் பெட்டியும், கால்மாட்டில் பிறத்தியாருடைய ஒரு டிரங்குப் பெட்டியுமாக அந்தப் பங்க் வகுப்பில் பிரயாணம் செய்யாதவருக்கு மனித சுபாவத்தின் சரிபாதி தெரியாது என்பது என் துணிபு. முதல் நாள் ஒவ்வொரு குடும்பமும் தன் எல்லையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும். சென்னையின் விளக்குகள் மறைந்து, கப்பல் தன் நிஜ நடையைக் காட்டத் தொடங்கியதும் போர்வைகள் தாமாக விழுந்துவிடும். ஹெட் கிளார்க்கும், மீன் வியாபாரியும், பட்டாளத்துக்காரரும், புதுமணப் பெண்ணும் ஒரே விதமாகப் பச்சை முகத்தோடு படுத்திருக்கும் அந்த இரண்டாம் நாளில்தான், சமத்துவம் என்று மேடைகளில் நாம் பேசுவது எத்தகையது என்பதைக் கண்ணாரக் காணலாம். தலை தூக்க முடிந்த ஒவ்வொருவரும் அன்றைக்கு வைத்தியராகிவிடுவார். ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகரச் சொல்வார்; ஒருவர் இஞ்சியை மெல்லச் சொல்வார்; மூன்றாமவர், மேல்தளத்துக்குப் போய் அடிவானத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்பார். அடிவானமே மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற நிலையில் அதை எங்கே உற்றுப் பார்ப்பது? மூன்றாம் நாள் கடல் அமைதியானதும் எல்லோரும் உட்கார்ந்து, ஊர், உறவு, உத்தியோகம், பிள்ளைகளின் வயது, ஜாதகம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருப்பார்கள். ஹேடோ துறையில் கப்பல் கட்டும்போது இரண்டு நிச்சயதார்த்தமாவது முக்கால் பங்கு முடிந்திருக்கும்.

தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகிறவன் தனி மனிதனாகப் போவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவன் டிக்கெட் வாங்கிவிட்டான் என்ற செய்தி தெருவில் பரவியவுடன், சாதாரண நாளில் முகங்கொடுத்துப் பேசாதவர்கள்கூட நலம் விசாரிக்க வருவார்கள். வரும்போது கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். நல்ல அப்பளம், குலதெய்வத்தின் விபூதி, அளவு ஜாக்கெட்டோடு தைக்கக் கொடுத்த ரவிக்கைகள், உடைந்த மூக்குக் கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி, தாத்தாவின் கால்வலிக்குத் தைலம், “அதிகமில்லை அண்ணா, ஒரு அஞ்சு கிலோ” சின்ன வெங்காயம். போகும்போதும் அவன் வெறுங்கையோடு போகக் கூடாது. சென்னையிலுள்ள உறவினருக்கு அன்பளிப்பாகக் கருவாடு கட்டிக் கொடுப்பார்கள். கருவாடு அருமையான பதார்த்தம். ஆனால் கடல் கொந்தளிக்கும் இரவில், காற்றோட்டம் குறைந்த பங்க் வகுப்பில், மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் அது பிரயாணம் செய்யும்போது, கட்டிக் கொடுத்தவரின் அன்பைப் பற்றிச் சக பிரயாணிகள் தெரிவிக்கும் அபிப்பிராயங்களை இந்தச் சபையில் திருப்பிச் சொல்வதற்கில்லை.

கப்பல் தாமதமாவதால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. தாமதத்தை உத்தேசித்தே நாள் வைப்பவர்கள் நாம். ஆயினும் புயலுக்குச் சாஸ்திரம் தெரியாது. நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் வங்காள விரிகுடாவின் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டார். முகூர்த்தமோ நெருங்குகிறது, மாமன் இல்லாமல் மாலை எடுத்துக் கொடுப்பது யார்? கூட்டத்தில் ஒரு பாட்டியம்மாள் எழுந்து, அடுத்த வீட்டு வங்காளியின் கையைப் பிடித்து இழுத்து வந்து மணைக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவன் இவன்தானே? இவனே மாமன்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரும் பரிவட்டம் கட்டிக்கொண்டு, அழுத்தந்திருத்தமாக எல்லாவற்றையும் செய்து முடித்தார். இரண்டு நாள் கழித்து நிஜமான மாமன் வந்து சேர்ந்து, தம் இடம் பறிபோனதைக் கேட்டுச் சிறிது மனஸ்தாபப்பட்டார் என்பது உண்மையே. ஆனால் அந்த வங்காளி அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு மாமாதான். பொங்கலுக்குச் சீர் கொண்டுவர வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கொண்டுவருகிறார், கூடவே ரசகுல்லாவும்.

இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து நான் கண்ட ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். ஓர் அசௌகரியம் ஒருவனுக்கு மாத்திரம் ஏற்பட்டால் அது அவன் மனசைத் தின்கிறது; அதே அசௌகரியம் ஊர் முழுவதற்கும் சரிசமமாக ஏற்பட்டால் அது பேச்சாகிறது, பேச்சு முற்றினால் சிரிப்பாகிறது. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுகளில் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். நூற்றுக்கு 28 பேர் வங்காளம் பேசுகிறவர்கள், 19 பேர் ஹிந்தி, 15 பேர் தமிழ், 13 பேர் தெலுங்கு. பிறகு நிக்கோபாரியும் மலையாளமும் இன்னும் பலவும். இத்தனை பேரையும் அபர்தீன் பஜாரில் ஒரு காய்கறிக் கடையின் முன்னால் நிறுத்தி, கப்பல் வரவில்லையாம் என்று ஒருவர் சொல்லட்டும். ஒவ்வொருவரும் தத்தம் பாஷையில் தொடங்கி, ஒரு நிமிஷத்துக்குள் எல்லோரும் தீவு ஹிந்தியில் வந்து சேர்ந்து, ஒரே சுருதியில் புலம்புவதைக் கேட்கலாம். தேசிய ஒருமைப்பாட்டுக்காக எத்தனையோ மாநாடுகள் நடக்கின்றன. உருளைக்கிழங்கு விலை ஏறிய ஒரு காலைப்பொழுதில் இந்தக் கடைவாசலில் நடப்பதற்கு அவை ஒன்றும் ஈடாகா என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

புலம்பலிலும் அந்தஸ்து உண்டு. நாம் சென்னைக் கப்பலுக்காகப் புலம்புகிறோம். காம்ப்பெல் பேயில் இருக்கிறவர்களோ நம் ஊருக்கு வரும் கப்பலுக்காகப் புலம்புகிறார்கள். 1969 முதல் முன்னாள் இராணுவத்தினரைக் குடியேற்றிய பெரிய நிக்கோபாரில் இருக்கும் ஊர் அது. இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அவர்களுக்கு நாமே மெயின்லேண்ட்! கச்சால் தீவில், 1964ஆம் வருஷத்து ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்து, ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மலைநாட்டிலிருந்து இறங்கி, ஒரு கடலைத் தாண்டித் தாய்நாடு வந்து, தாய்நாடு போதாதென்று இன்னொரு கடலையும் தாண்டிய அவர்கள் முன்னால், கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று போர்ட் பிளேர்க்காரன் அங்கலாய்த்தால், அவர்கள் மரியாதைக்காகத் தலையசைப்பார்களே தவிர, மனசுக்குள் என்ன நினைப்பார்கள் என்பதை நான் ஊகித்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கும் தாய்மார்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குப் பெய்வதைப்போல் இரு மடங்கு. அத்தனையும் மேட்டிலிருந்து சரிந்து கடலுக்குப் போய்விடுகிறது. தனிக்காரி அணையில் தேங்கியதை வைத்துக்கொண்டு கோடையைத் தள்ள வேண்டியிருப்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயின் முன்னால் பக்தியோடு உட்கார்ந்திருக்கிறோம். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டபோது நம்மில் சிலருக்கு அனுதாபமும், அதைவிடச் சிறிது அதிகமாகப் பொறாமையும் உண்டாயிற்று. நமக்குக் கொண்டுவர ரயில் ஏது?

வீட்டுத் தோட்டம் போட்டவர்களுக்கு நத்தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டு, 1945 அக்டோபர் வரையில் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கொடுமைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அவற்றைப் பற்றிச் சிரிக்க மாட்டார்கள்; நானும் சிரிக்கவில்லை. ஆனால் ஜப்பானியர் போகும்போது திரும்பக் கொண்டுபோக மறந்த ஒரு ஜீவன், அவர்கள் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த பெரிய ஆப்பிரிக்க நத்தை, இன்றைக்கும் சரணடையவில்லை. மழை நின்ற இரவில் டார்ச் விளக்கோடு வெளியே வந்து பார்த்தால், நேற்று நட்ட கத்திரி நாற்றின்மேல் உள்ளங்கை அளவில் சாவதானமாக உட்கார்ந்திருக்கும். உப்பைத் தூவுகிறோம், வாளியில் பொறுக்குகிறோம், சபிக்கிறோம். மறுநாள் அதன் குடும்பம் வருகிறது.

சிரிப்பு செல்லாத இடமும் உண்டு. வாழ்க்கையின் ஏற்ற இறக்கம் என்று பொதுவாகப் பேசுகிறோம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் தேதி இந்தத் தீவுகளில் பூமியே ஏறி இறங்கியது. வட அந்தமானில் கரை உயர்ந்து, பவழப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் வெளுத்தன. நம் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட்டின் நெல் வயல்கள் உப்பங்கழியாயின. தெற்கே இந்திரா முனையில் நான்கேகால் மீட்டர் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் மற்ற இடங்களிலுமாக 3,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அசௌகரியம் என்பது வேறு, துக்கம் என்பது வேறு. ஊரே பங்கிட்டுக்கொண்டாலும் அது பேச்சாகிக் கரைந்துவிடவில்லை. இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி இங்கே யாரும் கதையாகச் சொல்வதில்லை; கேட்டால் மட்டும் இரண்டு வார்த்தை சொல்கிறார்கள்.

மீண்டும் அற்ப விஷயங்களுக்கு வருகிறேன். அவற்றில்தான் எனக்குப் பாண்டித்தியம். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதம மந்திரி அவர்கள் சென்னைக்கும் நமக்கும் இடையே இணையத்துக்கான கடலடிக் கேபிளைத் தொடங்கி வைத்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேர் மட்டுமல்லாமல் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரைக்கும் போகிறது. அதற்கு முன் ஆகாயத்திலிருந்த செயற்கைக்கோளையே நம்பியிருந்தோம். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தால், பாதி திறந்திருக்கும். வேகம் வந்தது, எல்லோரும் கொண்டாடினோம், நானும் கொண்டாடினேன். ஆனால் எவ்வளவு பெரிய பொக்கிஷத்தை நாம் அன்றைக்குப் பறிகொடுத்தோம் என்பது சில வாரங்கள் சென்ற பிறகே எனக்கு உறைத்தது. “சிக்னல் இல்லை” என்ற அந்த மகா வாக்கியத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து மச்சான் கடன் கேட்டு எழுதினால், சிக்னல் இல்லை. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துபோனால், சிக்னல் இல்லை. மேலதிகாரி டெல்லியிலிருந்து அறிக்கை கேட்டால், அதை இன்னும் எழுதவே தொடங்கவில்லை என்ற உண்மையை மறைத்து, அனுப்பினோமே, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் சொல்ல முடிந்தது. மெயின்லேண்டில் இருப்பவர்களும், பாவம், கடல் கடந்து கஷ்டப்படுகிறார்கள் என்று மன்னித்தார்கள். இன்றோ நம் மருமகன் செய்தி அனுப்பிய அடுத்த கணத்தில், நாம் அதைப் படித்துவிட்டோம் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் சாட்சி சொல்கின்றன. தூரம் நமக்குக் கொடுத்திருந்த நிம்மதிகளில் இது ஒன்று. நேர்மையாகச் சொல்லப்போனால், நம்முடைய கஷ்டங்களில் சிலவற்றை நாமே ஆசையோடு வளர்த்துவந்தோம்.

ஆனால் இப்போது சொல்லப்போவது சிரிப்பதற்காக அல்ல. இன்று சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2023 ஜூலையில் புதிய விமான நிலையக் கட்டடம் திறந்தாயிற்று, பளபளப்பாக இருக்கிறது, போகட்டும், நல்லதுதான். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், தாயாரின் கடைசி முகத்தைப் பார்க்க ஓடுகிறவருக்கும் இந்த விமானம் செய்யும் உபகாரத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். என்றாலும், உல்லாசப் பிரயாணிகள் வரும் பருவத்திலும் பள்ளி விடுமுறையிலும் அதன் கட்டணம் ஏறும் ஏற்றத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரே தெருவில், எதிரெதிர் வீடு. ஒரு வீட்டில் அப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு. டாக்டர்கள் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டு எழுதிவிட்டார்கள். மகன் இரவே பணத்தைக் கட்டினான், காலையில் பறந்துவிட்டார்கள். மற்றொரு வீட்டிலும் அதே வியாதி, அதே சீட்டு. அவர்கள் கப்பல் புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்னாளில் நாமெல்லோரும் சமமாக இருந்தோம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டீலக்ஸும் பங்க்கும் அன்றைக்கும் இருந்தன. ஆபீசர் மேலே இருந்தார், கூலிக்காரர் கீழே இருந்தார். ஆனால் டீலக்ஸ் மட்டும் கழன்றுகொண்டு முந்திப் போய்விடவில்லை. கப்பல் இரண்டு நாள் பிந்தினால் இருவருக்கும் இரண்டு நாள் பிந்தியது. வெங்காயம் வராவிட்டால் பங்களாவின் சமையலறையிலும் வரவில்லை, லைன் வீட்டுச் சமையலறையிலும் வரவில்லை. அதனால்தான் ஆபீசரின் மனைவியும் கூலிக்காரரின் மனைவியும் அபர்தீன் பஜாரில் ஒரே கடைவாசலில் நின்று ஒரே புலம்பலைப் புலம்பினார்கள், புலம்பிவிட்டுச் சிரித்தார்கள். இன்றைக்கு ஒருவர் விமானத்தில் கால் நீட்ட இடமில்லை என்று குறைப்படுகிறார். மற்றவர் டிக்கெட் கவுண்டரின் முன்னால் நிற்க நிழலில்லை என்று குறைப்படுகிறார். ஒருவர் குறை மற்றவர் காதில் விழுவதில்லை. நமது ஊரில் ஹாஸ்யம் குறைந்துபோய்விட்டது என்று வயசானவர்கள் சொல்லும்போது, வயசானவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நான் தள்ளிவிடுவதில்லை. குறைந்துபோனது ஹாஸ்யம் இல்லை. சேர்ந்து நின்று புலம்புவதற்கு ஒரு பொதுக் கப்பல்.

கப்பல்களை அதிகப்படுத்துவதும், அவசர நோயாளிகளுக்கு விமானத்தில் இடம் ஒதுக்குவதும், தீவுவாசிகளுக்குக் கட்டணத்தை ஒரு வரம்புக்குள் நிறுத்துவதும் அரசாங்கத்தாரின் காரியங்கள். மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன, போகட்டும். நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக்குப் பறக்கப்போகிறவர்கள், எதிர் வீட்டுத் துண்டுக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் விட மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். இந்தச் சபையில் இருப்பவர்கள் தங்கள் பெட்டியில் என்னென்ன கொண்டுவருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இன்னும் மின்சாரம் போகும் வேளைகளைப் பற்றியும், மெயின்லேண்டில் முதன்முதலாக ரயிலைப் பார்த்த நம் குழந்தைகளைப் பற்றியும், ஜிர்காடாங் சோதனைச் சாவடியில், வண்டிகள் அணியாகப் புறப்படும் கான்வாய்க்காகக் காத்திருக்கும்போது நடக்கும் சம்பாஷணைகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். ஆனால் செயலாளர் அவர்கள் வெகு நேரமாகத் தம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி வரிசையில் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் போகும் படகைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவரும் பாம்பூ பிளாட்க்காரர்தான் என்று இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஆகையால் அவர் முதலில் நன்றியைச் சொல்லிவிட்டு ஓடட்டும். நான் பேசியதற்காக என்றில்லாவிட்டாலும், நிறுத்தியதற்காக.